நாற்பத்தொரு லட்ச ரூபாய்ப் பல்

என் கீழ் இடது கடைவாய்ப் பல் ஜனவரி எட்டாம் தேதி வலிக்கத் தொடங்கியது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு மண்டியில் பில் எழுதுகிறேன். பில்லில் தேதி போடும்போது முதல் குத்து. அதனால் தேதி நினைவிருக்கிறது.

அதற்கு முன் ஒன்றரை வருடம் எனக்கு எதுவும் வலிக்கவில்லை. என் மனைவி சங்கரி இறந்த பிறகு கையைச் சுட்டுக்கொண்டால்கூட யாருடைய கையோ சுட்டது போலத்தான் இருந்தது. எனவே பல் வலித்தபோது கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன். இரண்டாம் நாள் ஆச்சரியம் போய்விட்டது. வலி போகவில்லை.

எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். ரூட் கனால், மேலே கேப், எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள். தவணை உண்டு என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பொதுப் பல்நல மையம் இருக்கிறது. 'சுபதந்தம்' என்ற அரசுத் திட்டத்தின் கீழ் நடப்பது. சிகிச்சை இலவசம் என்று அதன் சுவரில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. மூன்று மொழிகளிலும் அது பொய்யில்லை. சிகிச்சை நடந்திருந்தால் இலவசமாகத்தான் நடந்திருக்கும்.

பதிவு மேசையில் கமலாக்ஷி சேச்சி இருந்தார். ஐம்பது வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி. பெயர், வயது, தெரு எழுதிக்கொண்டு ஒரு படிவம் நீட்டினார். வலியை ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணாகக் குறிக்க வேண்டும். எட்டு என்று எழுதினேன். சேச்சி பார்த்துவிட்டு, எட்டு என்றால் அவசரப் பிரிவு, அவசரப் பிரிவுக்கு மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும், மேலதிகாரி வைட்டிலாவில் இருக்கிறார், நாலு என்று மாற்றினால் இன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம் என்றார். மாற்றினேன். அரசுப் பதிவேட்டில் என் வலி அந்தக் கணமே பாதியாகிவிட்டது.

பெஞ்சில் பக்கத்தில் மாயம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். பஜார் முனையில் தட்டுக்கடை போட்டிருப்பவர். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்கு இட்லி, வடை, சாயா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஈறு நோயில் பல்லெல்லாம் போய்விட்டது. பல் செட்டுக்காகப் போன வருடம் அளவு கொடுத்தாராம். செட்டு செய்து வந்தும் விட்டதாம். மையத்தின் பீரோவில் இருக்கிறதாம்.

"அப்ப ஏன் குடுக்கல?" என்று கேட்டேன்.

"குடுத்துட்டா நாளைக்கு நான் வரமாட்டேன்ல தம்பி. அதான் வருத்தமா இருக்கும்போல அவுகளுக்கு" என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் விஜி என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். பள்ளுருத்திப் பெண். அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்க்கிறார். வீட்டில் தமிழ், எழுதுவதெல்லாம் மலையாளம். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. கதவுக்குள் குளிரூட்டிய அறை. அறையில் பாலிதீன் உறை போட்ட புத்தம்புதிய பல் நாற்காலி. கதவில் பூட்டு.

"பழைய நாற்காலியை ஏப்ரல்ல கழிச்சாச்சு. புதுசு ஜூன்ல வந்துச்சு. இன்னும் திறப்பு விழா நடக்கல" என்றாள். "பார்க்க மட்டும்தான் எனக்குப் பெர்மிஷன், சேட்டா. கை மறந்துடக் கூடாதேன்னு வீட்டுல கப்பைக்கிழங்குல ஓட்டை போட்டுப் பார்க்கறேன்."

"என் பல்லு?"

"மார்ச் முடியறதுக்குள்ள திறந்து சுத்தம் பண்ணினா காப்பாத்தலாம். அதுக்கு மேல போச்சுன்னா பிடுங்கறதுதான்."

பிடுங்க வேண்டாம் என்றேன். தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே பெஞ்சில் பேச்சு நின்றது. எனக்கு முப்பத்தொரு வயது. இருப்பதில் இன்னொன்றும் போக வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

விஜி சீட்டில் 'மீண்டும் வரவும்' என்று எழுதினாள். கமலாக்ஷி சேச்சி பதிவேட்டில் ஒரு கோடு போட்டார்.

மீண்டும் போனேன். மீண்டும் வரச் சொன்னார்கள். நான்காவது முறை, பல்லின் பூர்வீகம் பற்றிய படிவம் வந்தது. பல் முளைத்தபோது பயனாளி எந்த மையத்தின் எல்லைக்குள் வசித்தார்? அந்தப் பல் எனக்குப் பன்னிரண்டு வயதில் முளைத்தது. அப்போது நான் பள்ளுருத்தியில் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் மட்டாஞ்சேரி. உண்மையை எழுதினேன். அது தவறு.

பள்ளுருத்தி துணை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். பல் அங்கேதான் முளைத்தது என்பதை முழு மனதுடன் ஒப்புக்கொண்டார். ஆனால் வலி மட்டாஞ்சேரியில்தானே வந்தது, வலிக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்றார். எல்லை தாண்டிய பற்களுக்கு வைட்டிலாவில் தனிப் பிரிவு இருப்பதாகச் சொல்லி, எந்த பஸ் என்பதையும் சொன்னார்.

வைட்டிலாவில் அந்தப் பிரிவு இருந்தது. அதில் ஒரு மேசை, ஒரு பெரிய பிளாஸ்டிக் தாடை, ஒரு பெரிய பிரஷ். ஒருவர் அந்தத் தாடைக்கு நாற்பது நிமிடம் பல் தேய்த்துக் காட்டினார். பிறகு என்னைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். தாடையின் பற்கள் ஒன்றுகூடச் சொத்தையில்லை. சீட்டில் 'விழிப்புணர்வு பெற்றார்' என்று முத்திரை குத்தி, மட்டாஞ்சேரிக்கே திருப்பி அனுப்பினார்.

"என்ன தம்பி, பல்லுக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வந்துட்டியா?" என்றார் மாயம்மாள் அக்கா.

மார்ச் முதல் வாரத்தில் வலி இரவும் பகலும் ஒன்றாகிவிட்டது. படிவத்தில் அப்போதும் நாலுதான். பதினைந்தாவது முறை போனபோது, திட்ட மேலாளர் என்னைப் பார்க்க விரும்புவதாக சேச்சி சொன்னார். ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்தேன். நடந்தது.

திட்ட மேலாளர் ராமபத்ரன் பாலக்காட்டுக்காரர். கதவு வரை வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

"வாங்கோ, உக்காருங்கோ. பதினஞ்சு விசிட் ஆக்கும். ஜில்லாவுலேயே நீங்கோதான் முதல்."

சுவரில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்றில் பச்சைக் கோடு மேலே ஏறியது. அது பயன்பாடு. மக்கள் எத்தனை முறை வந்தார்கள் என்பது. இன்னொன்றில் சிவப்புக் கோடு கீழே இறங்கி, ஏப்ரலில் தரையைத் தொட்டு, அதற்குப் பிறகு காணாமல் போயிருந்தது. அது ஒரு பல்லுக்கு ஆகும் சராசரிச் செலவு.

"எப்படி சார் செலவு இவ்வளவு குறைஞ்சுது?" என்று கேட்டேன். மரியாதைக்காகத்தான் கேட்டேன். அவர் அந்தக் கேள்விக்காகப் பல மாதங்கள் காத்திருந்திருக்கிறார்.

"சிம்பிள் ஆக்கும். மேலே மொத்தச் செலவு. நாற்காலி, ஏசி, டைல்ஸ், எல்லாம் சேர்த்து இந்த வருஷம் நாப்பத்தொண்ணு லட்சம். கீழே சிகிச்சை பண்ணின பல்லோட எண்ணிக்கை. மேலே இருக்கறதைக் கீழே இருக்கறதால வகுக்கணும். கீழே எத்தனை?"

"எத்தனை சார்?"

"பூஜ்யம்."

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்றேன்.

"அதேதான். கம்ப்யூட்டரும் அதையே சொல்லித்து. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுத்து. காலிக் கட்டத்தைத் திருவனந்தபுரத்துல எப்படிப் படிப்பா? செலவே இல்லைன்னு படிப்பா. நாம பொய் சொல்லலை. நாம ஒண்ணுமே சொல்லலை."

இதனால் மட்டாஞ்சேரி மையம், மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன்பாடு என்ற பிரிவில் மாநிலத்தில் முதலாவதாக வந்திருந்தது. மார்ச் இருபதாம் தேதி விழா. திருவனந்தபுரத்திலிருந்து திட்டத்தின் தலைமை அதிகாரி வருகிறார். அன்றைக்கே நாற்காலித் திறப்பும். அதே மேடையில் எனக்குச் 'சிறந்த பயனாளி' விருது.

"நீங்கோ பதினஞ்சு தடவை வந்திருக்கேள். சர்க்காருக்கு ஒரு பைசா செலவு வைக்கலை. இப்படி ஒரு பயனாளி எங்கே கிடைப்பா?"

"சார், மார்ச்சுக்குள்ள இந்தப் பல்லைத் திறக்கலேன்னா பிடுங்கணுமாம்."

ராமபத்ரன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரே ஒரு பல்லைத் தொட்டா போறும், வெங்கிடேஷ். நாப்பத்தொண்ணு லட்சம் வகுத்தல் ஒண்ணு. ஒரு பல்லுக்கு நாப்பத்தொண்ணு லட்சம்னு ரிப்போர்ட் போகும். மனசிலாச்சோ? ஏப்ரலுக்கு அப்புறம் பிடுங்கிக்கலாம். பிடுங்கறது ஒண்ணும் சாரமில்லை, பெரிய காரியமே இல்லை."

விழாவன்று நான் அந்த நாற்காலியில் படுத்து வாயைத் திறக்க வேண்டும். புகைப்படத்துக்கு. திறக்கலாம், ஆனால் உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. இதை மூன்று முறை சொன்னார். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லி ஒத்திகை பார்த்தார். திறந்த வாயில் கொஞ்சம் புன்னகையும் இருந்தால் நல்லது என்றார். முயன்றேன். போகட்டும், வாய் போதும் என்றார்.

இருபதாம் தேதி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். தலைமை அதிகாரிக்கு மூட்டு வலி, படி ஏற மாட்டார். ஆகவே நாற்காலியை அவரிடம் கொண்டுவந்தார்கள். சுமட்டுத் தொழிலாளிகள் ஆறு பேர் அதைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். அதிகாரி பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக ஜெனரேட்டர், கம்ப்ரசர், தண்ணீர்க் கேன் எல்லாம் இணைத்திருந்தார்கள். அந்த வருடத்தில் முதல்முறையாக மையத்தில் எல்லாம் வேலை செய்தது. கைப்பிடியில் மல்லிகைச் சரம்.

மாலை போட்டு என்னை அதில் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் விஜி, வெள்ளைக் கோட்டில். அவளும் அலங்காரம்தான். அதிகாரி பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. இருநூறு பேர் கைதட்டினார்கள். அதிகாரி மைக்குக்குப் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார்.

விஜி குனிந்து பார்த்தாள். "பதினாறு பக்கம்" என்றாள் மெதுவாக. "ஒரு மணி நேரம் கிடைக்கும், சேட்டா. திறக்கட்டுமா?"

ராமபத்ரன் முன்வரிசையில் கண்ணை மூடி, தன் நன்றியுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அன்று எனக்குக் கொடுத்திருந்த வேலையும் அதுதான்.

கோட்டின் உள்பையிலிருந்து அவள் பிரிக்காத பொட்டலங்களை எடுத்தாள். கையுறை, ஊசி, மருந்து, துளைக்கும் முனைகள். எல்லாம் அவள் காசில் வாங்கியது. ஒரு மாதமாகப் பையில் வைத்திருந்தாளாம்.

அதிகாரி மலையாளத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"முன்பெல்லாம் மக்கள் இந்த மையத்துக்கு வருவார்கள். பல்லைச் சரிசெய்துகொண்டு போவார்கள். பிறகு வருடக்கணக்கில் திரும்பியே பார்க்க மாட்டார்கள். இதைப் பயன்பாடு என்று சொல்ல முடியுமா? இது நன்றிகெட்டதனம்."

கைதட்டல். ஊசி ஏறியது.

"நோயைக் குணப்படுத்தும்போது நாம் ஒரு பயனாளியை இழக்கிறோம். இந்தக் கசப்பான உண்மையை முதலில் உணர்ந்தது மட்டாஞ்சேரி மையம். இங்கே வந்தவர் மீண்டும் வருகிறார். ஏன் வருகிறார்? அரசின்மீது நம்பிக்கை. அந்த நம்பிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது வலி."

உதடு, நாக்கு, கன்னம் வரிசையாக மரத்தன. எனக்கு அது பழகிய நிலைமை. விஜி, வலி தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். துளைக்கும் கருவி கீச்சென்று பாடத் தொடங்கியது. மைக்கில் கோளாறு என்று நினைத்து அதிகாரி இரண்டு முறை அதைத் தட்டினார். பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

"இன்னும் சிலர் கேட்கிறார்கள், செலவு செய்து நாற்காலி வாங்கினீர்களே, ஏன் உட்காரவைக்கவில்லை என்று. நண்பர்களே, உட்கார்ந்தால் நாற்காலி தேயும். தேய்ந்தால் பழுது. பழுது என்றால் செலவு. மக்கள் பணத்தில் வாங்கிய பொருளை மக்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் நிர்வாகம்."

இந்த இடத்தில் மாயம்மாள் அக்கா எழுந்து நின்றார். "அடியாத்தி, நெசமாவே தோண்டுதுடி அந்தப் புள்ள" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். போன்கள் உயர்ந்தன. அதிகாரி தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து, நிர்வாகம் பற்றிய வாக்கியத்தை மறுபடியும் படித்தார். அதைவிடப் பெரிய கைதட்டல் வந்தது. விஜி நரம்பை வெளியே எடுத்திருந்தாள்.

பதினான்காம் பக்கத்தில்தான் அதிகாரி திரும்பிப் பார்த்தார். ராமபத்ரனும் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். இருநூறு போன்கள் அதிகாரியைப் பார்த்தன. அவர் முப்பது வருட அனுபவசாலி.

"இதோ, உங்கள் கண் முன்னால் நேரடிச் செயல்விளக்கம்" என்றார். "பதிவேடு எங்கே? இந்த வரலாற்றுச் சிகிச்சையை நானே எழுதி வைக்கிறேன்."

கமலாக்ஷி சேச்சி பதிவேட்டைக் கொண்டுவந்தார். அதிகாரி தன் பேனாவால், தன் கையால், எண் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

விஜி என் பல்லில் தற்காலிகமாக அடைத்துவிட்டு, இன்னும் இரண்டு முறை உட்கார வேண்டும் என்றாள். முதலாவது பன்னிரண்டு நாள் கழித்து. எனக்குப் பதில் சொல்ல நாக்கு வரவில்லை. விருதை வாங்கிக்கொண்டேன். அது மரத்தில் செய்த ஒரு பல்.

விழா முடிந்து ராமபத்ரன் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். காணாமல் போயிருந்த சிவப்புக் கோடு சுவரில் திரும்பி வர வேண்டியிருந்தது. வரைபடத்தில் அதற்கு இடமில்லை. கூரைக்கு மேலே போக வேண்டும். நாற்பத்தொரு லட்சம். மனித வரலாற்றிலேயே விலை உயர்ந்த கடைவாய்ப் பல் என் வாயில் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. ஒருவித மரியாதை இருந்தது.

"போச்சு, வெங்கிடேஷ். எல்லாம் போச்சு" என்றார்.

பாவமாக இருந்தது. இன்னொரு பல்லையும் செய்தால் என்ன, சராசரி இருபதரை லட்சம் ஆகிவிடுமே என்றேன். சும்மா ஆறுதலுக்கு. நாக்கு மரத்திருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். மறுபடி தட்டினார்.

"ஒரே நாள்ல அம்பது சதவீதம் குறையும்" என்றார், பிரார்த்தனை செய்பவரின் குரலில். "மூணு பல்லுன்னா பதிமூணு லட்சத்துச் சொச்சம். பத்துப் பல்லுன்னா நாலு லட்சம். இந்தியாவுலேயே இவ்வளவு வேகமா யாரும் செலவைக் குறைச்சிருக்க மாட்டா."

அடுத்த நாள் காலையில் மட்டாஞ்சேரியில் ஆட்டோவில் ஒலிபெருக்கி போனது. பல்லிருப்பவர்கள் எல்லோரும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் வரவும். பதினொரு மாதம் 'மீண்டும் வரவும்' சீட்டோடு அலைந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். விஜி காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றாள். பிடுங்கினாள், அடைத்தாள், சுத்தம் செய்தாள். எர்ணாகுளத்திலிருந்து இன்னும் இரண்டு டாக்டர்களை அனுப்பினார்கள். ஓர் ஆளுக்கு ஒன்று என்று எண்ணினால் போதாது என்று, சுத்தம் செய்ய வந்தவர் வாயில் தேய்த்த பற்களையெல்லாம் எண்ணினார்கள். ஒரு கிழவரிடம் ஆறு பற்கள்தான் இருந்தன. ராமபத்ரன் அவரைக் கொஞ்சம் வருத்தத்துடன் பார்த்தார்.

ஐந்தாம் நாள் சேச்சிக்குத்தான் தோன்றியது. பீரோவில் பதினொரு பல் செட்டுகள் இருக்கின்றன. ஒரு செட்டுக்கு இருபத்தெட்டுப் பல்.

ராமபத்ரன் ஆட்டோவிலேயே மாயம்மாள் அக்காவின் கடைக்குப் போனார். அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்கக்கூட விடாமல் அழைத்துவந்தாராம்.

"ஒரு வருசமா வாசல்ல உக்காந்திருந்தேன், திரும்பிப் பாக்கல. இப்ப மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆட்டோல கூட்டிட்டு வர்றாரு" என்றார் அக்கா. "யோவ் சாமி, என்கிட்ட ஒரு பல்லுகூட இல்லையே, உமக்கு எதுக்கு?"

"உங்ககிட்ட இல்லாததாலதான் அம்மா, நீங்கோ இருபத்தெட்டு" என்றார் ராமபத்ரன். அவர் கண் கலங்கியிருந்தது.

மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குக் கணக்கை மூடினார்கள். எண்ணூற்று இருபது பற்கள். ஒரு பல்லுக்குச் சரியாக ஐயாயிரம் ரூபாய். நாற்பத்தொரு லட்சத்திலிருந்து ஐயாயிரத்துக்கு, பன்னிரண்டு நாளில். சிவப்புக் கோடு செங்குத்தாக இறங்கியது. தலைமை அதிகாரி போனில் அழைத்து, இதற்குத்தான் அன்றைக்குத் தன் கையால் தொடங்கிவைத்ததாகச் சொன்னாராம்.

எனக்கு விஜி கொடுத்த நாள் ஏப்ரல் ஒன்று. அலுவலகம் திறக்கும் முன்பே வரச் சொல்லியிருந்தாள். எட்டரைக்குப் படுத்தேன். வேர்களைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, மறுபடியும் தற்காலிகமாக அடைத்தாள். இன்னும் ஒரு முறைதான், பதினைந்து நாள் கழித்து. அதைத் தவறவிட்டால் உள்ளே சீழ் பிடித்து, பிறகு பிடுங்கத்தான் வேண்டும் என்றாள். சேச்சி புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எண் ஒன்று என்று எழுதினார்.

ஒன்பதரைக்கு ராமபத்ரன் வந்தார். பெஞ்சிலும் முற்றத்திலும் அறுபது பேர் இருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்தார். புது நிதியாண்டு. நாற்காலிச் செலவெல்லாம் போன வருடத்தோடு போயிற்று. சம்பளத்தை இந்த வருடம் வேறு தலைப்பில் போட்டாகிவிட்டது. மேலே இந்த வருடக் கணக்கில் ஏறிய ஓர் ஊசி மட்டும், அறுபது ரூபாய். கீழே ஒன்று.

"ஒரு பல்லுக்கு அறுபது ரூபாய்" என்றார். "வெங்கிடேஷ், உலகத்துல இதுக்குக் கீழே போக முடியாது."

எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பல்லுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக ஆனாலும் சராசரி அறுபதைத் தாண்டிவிடும், இந்த வருடத்துக்கு இது போதும் என்றார். எனக்கு இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கிறது என்றேன். அவர் காதில் விழவில்லை. ஏற்கெனவே வரைபடத்துக்குச் சிவப்புப் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

மாயம்மாள் அக்கா செட்டு தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிக்கொள்ள வந்திருந்தார். இருபத்தெட்டுப் பல்லையும் காட்டினார். "சாமி, கதவைத் தொறக்கியளா, இல்ல வந்து கடிக்கவா?"

அறுபது பேரும் எழுந்தார்கள். ராமபத்ரன் சாவி இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் பயந்தது அறுபது பேருக்கு அல்ல. அறுபத்தொன்றாவது ரூபாய்க்கு.

கமலாக்ஷி சேச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சாரே, டாக்டர் செய்யட்டும். நான் எழுதாம விட்டாப் போதாதா?"

ராமபத்ரன் அவரைப் பார்த்தார்.

"எழுதாம இருந்தா நடக்கலைன்னு ஆகுமோ?"

"ஒரு வருஷம் நடக்காததை எழுதினோம் சாரே. ஒரு வருஷம் நடக்கறதை எழுதாம இருந்தா கணக்கு சரியாப் போகும்."

அந்த நாற்பத்தொரு லட்சத்தில் வாங்கிக் குவித்த பஞ்சும் மருந்தும் இரண்டு அறை நிறைய இருந்தன. அவற்றின் செலவும் போன வருடத்தோடு போயிருந்தது. எந்த வரைபடத்திலும் இது எங்கும் தெரியாது. அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்த்ததாக ஆகிவிடக் கூடாது அல்லவா.

அன்றிலிருந்து எங்கள் மையம் மிக நன்றாக நடக்கிறது. காலையில் போனால் மதியத்துக்குள் முடித்து அனுப்புகிறார்கள். படிவம் இல்லை, பூர்வீகம் இல்லை, மீண்டும் வரவும் இல்லை. ஓணத்துக்கு முன் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. மட்டாஞ்சேரியில் பயன்பாடு ஒரே வருடத்தில் ஒன்றாகக் குறைந்திருப்பதால், அந்தப் பகுதியில் பல் நோய் கிட்டத்தட்ட ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருக்கிறது. மிச்சமிருக்கும் அந்த ஒரு நோயாளியைக் கண்காணிக்கத் தனிக் குழு போட்டிருக்கிறார்கள்.

அந்த நோயாளி நான். என் மூன்றாவது முறை ஏப்ரல் பதினாறாம் தேதி முடிந்தது. அதை யாரும் எழுதவில்லை. விஜி, வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லது, மரப்பு விடுகிறது என்றாள்.

கண்காணிப்புக் குழு மாதம் ஒரு முறை மண்டிக்கு வந்து, சிகிச்சை எப்போது முடியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறது. அரசுப் பதிவின்படி என் பல் இன்னும் பாதியில் திறந்து கிடக்கிறது. நான் அந்தப் பக்கமாகத்தான் மென்று தின்கிறேன்.